வீட்டு வாடகையும் தேக நலமும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனித வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்று நாம் சிறு பிராயம் முதலே கற்று வருகிறோம். இம்மூன்றையும் தனித்தனியே எண்ணிப் பழகியதனால், மூன்றுக்கும் வேண்டிய பணம் ஒரே முடிச்சிலிருந்துதான் அவிழவேண்டும் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவதற்காக அரசாங்கம் பொருள் செலவிடுவது நன்று என்பதில் ஐயப்படுவார் இக்காலத்தில் மிகச் சிலரே. ஆயினும் அப்பொருள் எவ்வழியே சென்று எவ்விடம் சேர்ந்தால் குடியிருப்போரின் உடலும் உள்ளமும் நலம் பெறும் என்பது சிறிது ஆராயத்தக்கது. சென்ற நூற்றாண்டில் அரசாங்கங்கள் செய்த முயற்சிகள் சிலவற்றைக் கொண்டு இதனை ஈண்டு விளக்க முயல்வோம்.

ஈரம் கசியும் சுவர்களும், வெளிச்சம் புகாத அறைகளும், ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் நெருக்கமும் க்ஷயரோகத்துக்கும் சுவாச நோய்களுக்கும் இடந்தருவன என்பது வைத்தியர் யாவரும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆகவே நல்ல வீடு வேண்டும். ஆனால் நிலத்தின் விலை, செங்கல், மரம், கொத்தர் கூலி, கடனுக்கு வட்டி ஆகிய யாவற்றையும் கூட்டி மாத வாடகையாக வகுத்துப் பார்த்தால், அத்தொகை கூலியாளின் சக்திக்கு மேற்பட்டு நிற்கிறது. அவன் கொடுக்கக்கூடிய வாடகைக்கு ஏற்றபடி வீட்டைக் கட்டினாலோ, அது மீண்டும் பழைய சேரி வீடாகவே முடிகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவதே அரசாங்க மானியத்தின் வேலை. அப்பள்ளம் பாதி மட்டும் நிரம்பி மீதி நிரம்பாது நின்றால் நிகழ்வது யாது என்பதற்கு, இங்கிலாந்து தேசத்து நகரம் ஒன்றின் மரணக் கணக்கு விடை தருகிறது.

முதல் உலக யுத்தம் முடிந்தபின் இங்கிலாந்தில் 1919ஆம் ஆண்டு அடிசன் என்னும் மந்திரி கொண்டுவந்த சட்டத்தால், நகரசபைகள் வீடு கட்டுவதில் அடையும் நஷ்டத்தின் பெரும்பகுதியைப் பொக்கிஷமே ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் 1924ஆம் ஆண்டு வீட்லி என்பாரது சட்டம், கட்டும் வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 9 பவுன் வீதம் 40 ஆண்டுகள் மானியம் அளித்தது. இதனால் ஏறக்குறைய 5 லட்சம் வீடுகள் எழுந்தன. தோட்டமும் குளியலறையும் உடைய அவ்வீடுகள் பார்ப்பதற்கு இனியவைதாம். எனினும் நிலையான ஊதியம் பெறும் தொழிலாளருக்குத் தக்கதாயிருந்த அவற்றின் வாடகை, கடைப்பட்ட ஏழைக்கு எட்டாக்கனியாகவே இருந்தது.

வட இங்கிலாந்தில் டீஸ் நதிக்கரையில் ஸ்டாக்டன் என்னும் நகரம் உளது. 1927ஆம் ஆண்டு அந்நகரசபை, ஹவுஸ்வைஃப் லேன் என்ற சேரியை இடித்து, அங்கிருந்த 152 குடும்பங்களை, 710 பேரை, மவுண்ட் பிளெசண்ட் என்னும் புதிய குடியிருப்புக்கு மாற்றியது. ரிவர்சைடு என்ற மற்றொரு சேரி இடிக்கப்படாமல் அப்படியே விடப்பட்டது. நகரத்தின் சுகாதார வைத்திய அதிகாரியாயிருந்த டாக்டர் மக்கோனிகல் என்பவர், குடிபெயர்வதற்கு முந்திய 5 ஆண்டுகளின் மரணக் கணக்கையும் பிந்திய 5 ஆண்டுகளின் கணக்கையும், இவ்விரு கூட்டத்தாருக்கும் வயது வேற்றுமைகளைச் சரிசெய்துகொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார். இடிபடாத சேரியில் மரண விகிதம் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 26லிருந்து 23 ஆகக் குறைந்திருந்தது. புது வீட்டுக்குச் சென்றவரிடையிலோ 23லிருந்து 33க்கும் மேலாக உயர்ந்திருந்தது!

காற்றும் வெளிச்சமும் நிறைந்த வீட்டில் சாவு பெருகுவானேன்? வீட்டில் குறையொன்றும் காணப்படவில்லை. தொற்றுநோய் எதுவும் தனியே அங்குப் பரவவுமில்லை. இறுதியில் டாக்டர் குடும்பங்களின் வரவு செலவைக் கேட்டு எழுதி ஆராய்ந்தார். வாடகை முன்னிருந்ததைவிட ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. ஆடவரிற் பலர் வேலையற்றவர். வாடகைக்காரன் வாரந்தோறும் குறித்த நாளில் வாயிலில் வந்து நிற்பான். கொடாவிட்டால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். நிலக்கரிக் கடைக்காரனும் கடன் சொல்ல இடங்கொடான். எத்தனை முறை குறைத்தாலும் வழக்குத் தொடுக்காத கடன்காரன் வயிறு ஒன்றே. ஆகவே வாடகை ஏறிய அளவுக்கு இறைச்சியும் பாலும் இறங்கின. புதிய வீட்டிலிருந்த வேலையற்ற குடும்பம், சேரியிலிருந்த வேலையற்ற குடும்பத்தைவிட உணவுக்குக் குறைவாகவே செலவிட்டது. இந்த ஆராய்ச்சியை அவர் 1933ஆம் ஆண்டு லண்டனில் வைத்தியர் சங்கமொன்றின்முன் படித்து, 1936இல் நூலாகவும் வெளியிட்டார்.

ஏழைகளுக்குக் குளியல் தொட்டி கொடுத்தால் அதில் நிலக்கரியைக் கொட்டிவைப்பர் என்று ஏளனம் பேசுவோர் அக்காலத்து இங்கிலாந்தில் பலர் இருந்தனர். அவர்களுக்கு இக்கணக்கு தக்க பதில். குற்றம் குடியிருந்தவரின் பழக்கத்தில் இல்லை. அவர்களது முடிச்சில் இருந்த பணத்தின் அளவிலேயே இருந்தது. அதனால் சேரியே மேல் என்று முடிவு கட்டுவதும் பெரும் பிழையாம். வீட்டுக்கு மானியம் கொடுத்தோர் வாடகைக்கும் கொடுத்திருப்பின் அம்மக்கள் நல்ல வீட்டிலிருந்துகொண்டே வயிறார உண்டிருப்பர் என்பதே நாம் கொள்ளும் கருத்து. 1930ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழியில் ஓரடி முன்சென்றது. அது வீடு ஒன்றுக்கு இவ்வளவு என்பதை விட்டு, சேரியிலிருந்து குடியேற்றப்படும் தலை ஒன்றுக்கு இவ்வளவு என மானியத்தை அளந்தது. பிள்ளைகள் மிகுந்த வீட்டுக்கு மிகுந்த உதவி கிடைத்தது. வறியவருக்கு வாடகையைத் தள்ளிக் கொடுக்கவும் நகரசபைகளுக்கு அதிகாரம் அளித்தது.

பள்ளத்தை முழுவதும் நிரப்பிய நகரமும் ஒன்று அக்காலத்தில் உண்டு. ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் நெருக்கம் மிகுதியாயிருந்ததனால், க்ஷயரோகத்துக்கு ‘வியன்னா நோய்’ என்றே ஐரோப்பாவில் பெயர் வழங்கிற்று. 1923ஆம் ஆண்டு அந்நகரத்து நிதித் தலைவர் ஹூகோ பிரைட்னர் வீட்டு நிர்மாண வரி ஒன்றை விதித்தார். சிறு வீட்டுக்குச் சிறு வரி. மாளிகைகளுக்கோ பன்மடங்கு வரி. அப்பணத்தைக் கொண்டு 1934க்குள் 60,000க்கு மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், கட்டிய செலவை வாடகையின் மூலம் திரும்பப் பெற நகரசபை கருதவில்லை. பராமரிப்புக்கு வேண்டியதை மட்டும் வசூலித்தது. ஆகவே தொழிலாளியின் வருமானத்தில் மிகச் சிறு பகுதியே வாடகையாயிற்று. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்னும் கட்டடம் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுடையது. 1,382 வீடுகள் கொண்டது. நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்திலேயே கட்டடத்தை எழுப்பி, எஞ்சியதைத் தோட்டமும் முற்றமுமாக விட்டிருக்கின்றனர். பொதுச் சலவைச்சாலை, குழந்தைப் பள்ளி, பல் வைத்தியசாலை, நூல் நிலையம் ஆகியன உள்ளேயே அமைந்திருந்தன. வீடுகள் மிகச் சிறியவைதாம். ஆயினும் தாய்மாரின் உழைப்பும் நேரமும் எஞ்சின. உணவுக்கும் பணம் எஞ்சிற்று. 1934ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலகத்தில் இக்கட்டடத்தின்மீதே பீரங்கி முழங்கியது. எனினும் வீடுகள் நின்றன. இன்றும் வியன்னா நகரசபை 2 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு உரிமையாளராக இருக்கிறது.

வாடகை ஒன்றைக் குறைத்துவிட்டால் யாவும் முடிந்ததென்றும் கூறுதற்கில்லை. வீடு நிற்கும் இடமும் கணக்கில் சேரும். அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை 5 பெருநகரங்களில் ஏறக்குறைய 4,600 ஏழைக் குடும்பங்களுக்குள் சீட்டுப் போட்டு, சிலருக்கு வறுமை குறைந்த பகுதியில் குடியேற வாடகை உதவி அளித்தனர். பதினைந்து ஆண்டுகளுக்குள் அவர்களைச் சோதித்தபோது, உதவி கிடைத்த குடும்பங்களின் பெண்களிடையே மிகைப் பருமனும் நீரிழிவும் குறைந்திருந்தன, மனக்கலக்கமும் தணிந்திருந்தது. பெரியவர்களின் ஊதியம் மட்டும் உயரவில்லை.

இடம் மாறுவது இவ்வாறு நன்மை தருவதுபோலவே தீமையும் தரக்கூடும் என்பதற்கு நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1970ஆம் ஆண்டு தோன்றிய குடிசை மாற்று வாரியம் முதலில் குடிசைகள் இருந்த இடத்திலேயே பல மாடிக் கட்டடங்களை எழுப்பியது. பின்னர் 2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் கூவம், அடையாறு கரைகளிலும் கடற்கரையிலும் வாழ்ந்தோர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய தொலைவிடங்களுக்கு மாற்றப்பட்டனர். சுவர் உறுதியானதே, கூரையும் ஒழுகாது. ஆயினும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நாலைந்து வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைத்த பெண்ணுக்கு அவ்வேலை எட்டாத் தூரமாயிற்று. நடந்து சென்ற இடத்துக்குப் பஸ் ஏற வேண்டியதாயிற்று. காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று வேலை பார்த்தவள் இடையில் வந்து பிள்ளைக்குச் சோறூட்டவும் இயலாதவளானாள். ஸ்டாக்டனில் வாடகையாக வந்து உணவைப் பறித்த பணம், இங்கே பிரயாணக் கட்டணமாகவும் இழந்த கூலியாகவும் உருமாறி வந்தது.

2021ஆம் ஆண்டு மே மாதம் நகரப் பேருந்துகளிற் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என்று தமிழ்நாட்டு அரசாங்கம் உத்தரவிட்டது. அச்செலவு போக்குவரத்துத் துறையின் ஏட்டில் எழுதப்படுகிறது. வீட்டு வசதித் துறையின் ஏட்டில் அதனைக் காண முடியாது. ஆயினும் கண்ணகி நகரிலிருந்து விடியற்காலை வண்டியேறும் அப்பெண்ணின் கணக்கில் அது வீட்டு மானியமே. எடுத்த இடத்தில் வைத்த பணம் போல, அன்றைய பால் காசு அவள் முடிச்சிலேயே தங்கிவிடுகிறது.