யார் அழைக்கலாம்?

இறுதியாண்டில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஜாவாவில் ஒரு நிரல் எழுதினோம். மாணவர்கள் முன்பணம் கட்டி உணவு வாங்கும் சிற்றுண்டிச்சாலைக் கணக்கு அது. விரிவுரையாளர் முன்னிலையில் இயக்கிக் காட்டியபோது, ஒரு மாணவரின் மீதி ‘-12 வெள்ளி’ என்று திரையில் வந்து நின்றது. கடன் கொடுக்கும் வசதியை நாங்கள் எழுதவே இல்லை!

தவறு என்னுடையது. கிளாஸ் என்பதை வகுப்பு என்றும், மெதட் என்பதைச் செயற்கூறு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். ‘கணக்கு’ என்ற வகுப்பில் இரண்டு செயற்கூறுகள் எழுதியிருந்தேன். ‘செலுத்து’ என்பது மீதி போதுமா என்று பார்த்து, பதிவேட்டில் குறித்து, அதன்பின் ‘குறை’ என்பதை அழைக்கும். ‘குறை’ எதையும் கேட்காது. சொன்ன தொகையைக் கழித்துவிடும். இரண்டுக்கும் முன்னால், பழக்கதோஷத்தில், பப்ளிக் என்று போட்டுவிட்டேன். நண்பர் தம் பகுதியிலிருந்து நேரே ‘குறை’யை அழைத்துவிட்டார். அழைக்கக் கூடாது என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லையே!

ஜாவாவில் இதற்கு நான்கு நிலைகள் உண்டு. பப்ளிக் என்றால் எவரும் அழைக்கலாம். பிரைவேட் என்றால் அந்த வகுப்புக்குள் எழுதிய வரிகள் மட்டுமே அழைக்கலாம். எதுவும் குறிப்பிடாவிட்டால் அதே பேக்கேஜில் உள்ள வகுப்புகள் அழைக்கலாம். புரொடெக்டட் என்றால், அவற்றோடு வேறு பேக்கேஜில் உள்ள வாரிசு வகுப்புகளும் சேரும். சி++ படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். அங்கே பேக்கேஜ் என்ற சலுகையே கிடையாது.

‘குறை’யை பிரைவேட் ஆக்கியதும் நண்பரின் பகுதி கம்பைல் ஆக மறுத்தது. பிழைச் செய்தியைப் பார்த்து நான் மகிழ்ந்தது அன்றுதான்.

ஆனால் இன்னொரு பாடம் காத்திருந்தது. ஒரு மாணவரிடமிருந்து மற்றொருவருக்குப் பணம் மாற்றும் செயற்கூற்றை அதே வகுப்பில் எழுதினேன். அதற்குள்ளிருந்து மற்றவர் கணக்கின் ‘குறை’யையும் தடையின்றி அழைக்க முடிந்தது! ஜாவாவின் பிரைவேட் வகுப்புக்கு வகுப்பு போடும் வேலி. ஒரே வகுப்பில் பிறந்த இரு கணக்குகளுக்கு இடையே வேலி இல்லை. ரூபி மொழியில் அப்படியல்ல. அங்கே பிரைவேட் செயற்கூற்றை, ஒரே வகுப்பைச் சேர்ந்த வேறொரு பொருளின் பெயர் சொல்லி அழைத்தால் பிழை வரும். பைத்தானோ நம்மை நம்பி விட்டுவிடுகிறது. பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு இட்டால் ‘இது உள்வேலைக்கு’ என்று பொருள், தடுப்பார் யாருமில்லை.

பிரைவேட் என்றால் கடவுச்சொல்லைப் பூட்டி வைக்கும் பெட்டி என்று நினைக்கும் நண்பர்கள் இன்றும் உண்டு. ஜாவாவிலேயே ரிஃப்ளெக்‌ஷன் வழியாக, பல வேளைகளில், உள்ளே நுழைந்துவிடலாம். மறைப்பதன் நோக்கமே வேறு. மாறக்கூடிய முடிவுகளை உள்ளே மறைத்து வையுங்கள் என்று டேவிட் பார்னாஸ் 1972-லேயே எழுதிவிட்டார். அதன் அருமை எனக்கு மறு பருவத்தில் தெரிந்தது. வெள்ளியைப் பின்ன எண்ணாக வைத்திருந்ததால் கூட்டுத்தொகை ஒரு சென் இரண்டு சென் இடித்தது. எல்லாவற்றையும் சென் கணக்கில் முழு எண்ணாக மாற்றினேன். மீதியும் ‘குறை’யும் பிரைவேட்டாக இருந்ததால், மற்ற மூவரின் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை.