அறிவியற் பாடமும் வாசிப்புப் பயிற்சியும்

வாசிப்புப் பயிற்சி மொழிப் பாடத்திற்கே உரியது என்பர் சிலர். அது பொருந்தாது. மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் 2003 முதல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்ட அறிவியலை மீட்பதென 2009இல் அரசு முடிவு செய்தது. தாய்மொழியிலும் தடை உண்டு. பழகிய சொல்லே சில இடங்களில் மயக்கும்.

‘உறைதல்’ என்னும் சொல்லையே காண்க. நீர் 0 பாகை செல்சியசில் வெப்பத்தை இழந்து உறைகிறது. சூடாக்கினால் மீண்டும் நீராகும். ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த பேராக் மாநிலச் செமோர் வட்டாரத்தில், மங்கில் வடிந்த பாலும் உறையும் என்பதை முதியோர் அறிவர். அதற்குக் குளிர் வேண்டியதில்லை. ரப்பர்த் துகள்களைச் சூழ்ந்த புரதப் படலத்தின் எதிர்மின்னேற்றம் அவற்றை ஒன்றோடொன்று சேரவிடாது. பார்மிக் அமிலம் அவ்வேற்றத்தைத் தணிக்கவே, துகள்கள் திரண்டு கட்டியாகின்றன. (அம்மோனியா சேர்த்தால் பால் கெடாமல் நிற்கும்.) அக்கட்டியைச் சூடாக்கினாலும் அது மீண்டும் பாலாகாது.

அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போடுவதால் இவ்வேறுபாடு விளங்கிவிடாது. எது நீங்கிற்று, எது சேர்ந்தது, பழைய நிலைக்கு மீளுமா என்று வாக்கியந்தோறும் மாணவர் தேட வேண்டும். பனிக்கட்டி, ரப்பர்க்கட்டி, தயிர் ஆகிய மூன்றையும் பற்றிய வாக்கியங்களைக் கொடுத்து வகைப்படுத்தச் செய்யலாம். தயிரைப் பனிக்கட்டியோடு சேர்க்கும் பிள்ளை வாக்கியத்தை விட்டுச் சொல்லை மட்டும் படித்திருக்கிறது.