மணிகள் சொல்லும் பருவங்கள்

(பத்தாம் வகுப்பு)

மணிக்கும் நம் கொங்கு மண்ணுக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லை அறுத்துத் துளையிட்டு மணி செய்தார்கள் என்பதை அகழாய்வு காட்டியுள்ளது. அப்படிப்பட்ட மண்ணில் பிறந்த நாம், கடையில் கிடைக்கும் ரோஜாப்பூ மாதிரியையே திரும்பத் திரும்பத் தைக்க வேண்டுமா? நம் ஊரின் பருவங்களை மணிகளால் தைத்தால் என்ன என்று இவ்வாண்டு கைவேலை வகுப்பில் எண்ணினோம்.

பருவம் என்றதும் எங்கள் நினைவுக்கு வந்தது மேட்டூர் அணை. 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி. சேலத்துக்குக் குடிநீரும், சேலம், நாமக்கல் வயல்களுக்குக் கால்வாய் நீரும் அங்கிருந்து வருகின்றன. ஆகவே ஓர் அடிக்கு ஒரு மணி என்று கணக்கிட்டோம். நீர் நிற்கும் உயரம் வரை நீல மணி. அதற்கு மேல், காய்ந்த கரைக்குப் பழுப்பு மணி. 2 மில்லிமீட்டர் மணியானால் 120 மணிகள் 24 சென்டிமீட்டர் நீளம் வரும். சித்திரை, ஆடி, ஐப்பசி, தை என நான்கு வரிசைகளை ஒரு மேசை விரிப்பின் ஓரத்தில் தைக்கலாம். அணையின் நீர்மட்டம் செய்தித்தாளில் வருவதால் கணக்குக்குக் குறைவில்லை.

தைக்கும் முறை எளிது. துணியை வளையத்தில் தளர்வின்றிப் பூட்டி, பென்சிலால் கோடு போட்டுக் கொள்ளவேண்டும். மணியின் துளைக்குள் நுழையும் மெல்லிய ஊசியில் இரட்டை நூல் கோத்து, ஒவ்வொரு மணியையும் தனித்தனியே பின்தையலால் பதிக்கவேண்டும். நூலை அதிகம் இழுத்தால் துணி சுருங்கிவிடும். பத்து மணிக்கு ஒரு முறை பின்புறம் முடிச்சிட்டால், நூல் அறுந்தாலும் வரிசை முழுவதும் உதிராது.

எந்த நாளைத் தைப்பது என்பது அவரவர் விருப்பம். சிலர் தங்கள் புதுநன்மை நாளைத் தேர்ந்தெடுத்தனர். சிலர் 2024-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டனர். அவ்வாண்டு ஜூலைத் தொடக்கத்தில் நீர்மட்டம் ஏறத்தாழ 40 அடிதான். வழக்கமாக ஜூன் 12-இல் பாசனத்துக்குத் திறக்கப்படும் அணை அன்று திறக்கப்படவில்லை. கர்நாடகத்தில் பெய்த பெருமழையால் ஜூலை 30-இல் 120 அடியும் நிரம்பியது. 80 பழுப்பு மணிகள் ஒரே மாதத்தில் நீலமாயின! அவ்விரு வரிசைகளையும் அருகருகே பார்த்த தோழி ஒருத்தியின் தந்தை, "இது எங்கள் வயலின் கதையம்மா" என்றார்.

வேறொரு தோழியின் முன்னோர், அணை நீரில் மூழ்கிய பண்ணவாடிப் பகுதியைச் சேர்ந்தவர்கள். நீர் வற்றும்போது அங்கே பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் வெளியே தெரியும். அவள் சித்திரை வரிசையின் பக்கத்தில் சாம்பல் நிற நூலால் அக்கோபுரத்தைத் தைத்தாள். ஆடி வரிசையில் கோபுரத்தை முதலில் தைத்துவிட்டு, அதன்மேல் நீல மணிகளைப் பதித்தாள். முன்புறம் பார்ப்பவர்க்கு நீர் மட்டுமே தெரியும். துணியைத் திருப்பினால் கோபுரத்தின் தையல் தெரியும். தன் பாட்டிக்கு அதைக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தாள். பாட்டி முதலில் பார்த்தது பின்புறத்தைத்தான்.

அன்புத் தோழியரே! மணி மலிவானது, விலை கொடுத்து எவரும் வாங்கலாம். எந்த மணியை எங்கே, எதற்காக வைக்கிறோம் என்பதுதான் நம்முடையது. அடுத்த விடுமுறையில் ஊசியை எடுக்கும் முன், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பருவத்தின் கதையைக் கேளுங்கள்.