கோயம்பேட்டிலிருந்து ஒரகடத்துக்கு ஒரு குழாய்

கார் தொழிற்சாலையில் ஒரு வண்டியின் உடற்கூட்டுக்குப் பெயின்ட் ஏறுவதற்கு முன் அதைப் பலமுறை கழுவுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போக ஒரு கழுவல், ரசாயனப் பூச்சுக்கு முன்னும் பின்னும் சில கழுவல்கள். கழுவும் நீரில் உப்பு சற்றுக் கூடினாலும் போதும், காய்ந்தபின் தகட்டில் திட்டு விழும், அதன்மேல் அடித்த பெயின்ட் நாளடைவில் கொப்பளிக்கும். எனவே அங்கே தேவைப்படுவது நாம் குடிப்பதைவிட உப்புக் குறைந்த நீர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளில் அந்த நீருக்கான மூலப்பொருளில் ஒரு பங்கு இப்போது சென்னையின் குளியலறைகளிலிருந்தும் கழிப்பறைகளிலிருந்தும் போகிறது.

2019 கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சென்னைக் குடிநீர் வாரியம், கழிவுநீரை ஆலைகளுக்கு ஏற்ற நீராக மாற்றும் இரண்டு நிலையங்களைத் திறந்தது. கொடுங்கையூர் நிலையம் மணலி ஆலைகளுக்கு. கோயம்பேடு நிலையம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் பூங்காக்களுக்கு. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரக்கூடியது. கோயம்பேட்டு நீர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் குழாயில் ஓடி ஆலைகளை அடைகிறது. செம்பரம்பாக்கத்திலிருந்து ஆலைகளுக்குப் போயிருக்கக்கூடிய நீர் அந்த அளவுக்கு நகரத்தின் குடிநீராக மிஞ்சுகிறது.

ஏரிக்குக் கிடைத்த லாபம் எளிதில் புரிகிறது. கழிவுநீரைச் சுமக்கும் கூவம் ஆற்றுக்கு இதனால் என்ன? அதைப் பார்க்க ஆக்சிஜன் கணக்குக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

சென்னை வெயிலில் 30 டிகிரி சூட்டில் இருக்கும் ஆற்றுநீர், லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். மீனுக்கும் நத்தைக்கும் அதுதான் மூச்சு. சுத்திகரிக்காத ஒரு லிட்டர் சாக்கடை நீரில் இருக்கும் அழுக்கைத் தின்று தீர்க்க, நுண்ணுயிர்கள் ஏறக்குறைய 250 மில்லிகிராம் ஆக்சிஜனைச் செலவழிக்கும். அதாவது ஒரு லிட்டர் சாக்கடை, முப்பது லிட்டருக்கு மேற்பட்ட நல்ல ஆற்றுநீரின் மூச்சை முழுதாக உறிஞ்சிவிடும். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் கூவத்தில் அப்படி முப்பது பங்கு நல்ல நீர் எங்கே இருக்கிறது? ஆக்சிஜன் தீர்ந்தபின் அதற்குப் பதில் சல்பேட்டைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன. நேப்பியர் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை வாடை அவை விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு.

சுத்திகரிப்பு நிலையங்கள் இதில் பெரும்பகுதியைக் குறைத்துவிடுகின்றன. காற்றை ஊதி, நுண்ணுயிர்களைத் தொட்டிக்குள்ளேயே அழுக்கைத் தின்னவைத்து, மிஞ்சும் சகதியைப் படியவைப்பது இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு. நீர் தெளிந்துவிடும். ஆனால் அம்மோனியாவை நீக்கத் தனியாக ஏற்பாடு இல்லாத நிலையமானால், அது கரைந்தபடியே ஆற்றுக்குப் போகும். அம்மோனியாவிலுள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருந்தால் 135 மில்லிகிராம் ஆக்சிஜன் போய்விடும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரும் ஆற்றை மூச்சுத் திணறவைக்கும் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

கோயம்பேட்டில் இந்த இரண்டாம் நிலை நீரைத்தான் மேலும் வடிகட்டுகிறார்கள். மணல் வடிகட்டிக்குப் பிறகு மைக்ரானில் நூறில் சில பங்கே அகலமுள்ள நுண்துளைச் சவ்வு. பாக்டீரியாக்கள் இங்கே நின்றுவிடும். அதன்பின் ஆர்.ஓ. சவ்வு. நீர் இயல்பாக உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கே போகப் பார்க்கும். கார் டயரில் உள்ளதைப்போல ஐந்தாறு மடங்கு அழுத்தம் கொடுத்தால் போக்கு திரும்புகிறது. நீர் சவ்வைக் கடக்கிறது, கரைந்த உப்பில் பெரும்பகுதி பின்தங்கிவிடுகிறது.

இந்தச் சவ்வு மிகவும் கூச்ச சுபாவி. வரும் நீரில் கரிமப்பொருள் கூடினால் அதன்மேல் நுண்ணுயிர்ப் படலம் பிடிக்கும். பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்தால் காறை கட்டும். பிறகு அடிக்கடி ரசாயனம் விட்டுக் கழுவ வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். இரண்டும் செலவு. ஆகவே முந்தைய நிலையம் ஒழுங்காக ஓடியே தீர வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தத் திட்டத்தின் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. ஒரு சுத்திகரிப்பு நிலையம் அரைகுறையாக வேலை செய்தால் கூவம் புகார் கொடுக்காது. காசு கொடுத்து வாங்கும் ஆலை அன்றைக்கே போன் செய்யும். இத்தனை காலம் வாடிக்கையாளரே இல்லாத ஒரு சரக்குக்கு இப்போது வாடிக்கையாளர் வந்திருக்கிறார்.

இதற்கு முன்னோடி நம் ஊரிலேயே உண்டு. 1990களின் தொடக்கத்திலேயே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வாரியத்திடம் கழிவுநீரை வாங்கித் தங்கள் வளாகத்தில் ஆர்.ஓ. செய்து பயன்படுத்தின. சிங்கப்பூர் ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் இதைப் பெரிய அளவில் 2003இல் தொடங்கியது. அங்கும் பெரும்பகுதியை வாங்குபவை சிப் தொழிற்சாலைகள் உள்ளிட்ட ஆலைகளே.

ஆனாலும் இந்தக் குழாய் ஒன்றே கூவத்தையும் கடலையும் காப்பாற்றிவிடாது. ஆர்.ஓ.வில் உப்பு மறைவதில்லை, ஒதுக்கப்படுகிறது. நான்கு லிட்டரில் மூன்றை நல்ல நீராக எடுத்தால், மிச்சமுள்ள ஒரு லிட்டரில் உப்பும் மற்ற கரைசல்களும் நான்கு மடங்கு செறிந்திருக்கும். அதை எங்கே, எந்த அளவில், எந்தத் தரத்தில் விடுகிறோம் என்ற கணக்கைக் குடிநீர்க் கணக்கைப் போலவே பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும்.

முகத்துவாரம் இன்னொரு சிக்கல். சென்னைக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. மெரினா அகலமாக வளர்ந்ததும் அதனால்தான், கூவத்தின் வாயில் மணல் அடைப்பதும் அதனால்தான். சென்னையின் அலையேற்றமும் இறக்கமும் ஒரு மீட்டர் அளவே என்பதால் அடைந்த வாயைக் கடலால் தானாகத் திறக்க முடிவதில்லை. பெருவெள்ளம் வரும்வரை கழிவு உள்ளேயே தேங்குகிறது. வெள்ளம் வந்ததும் அத்தனையும் ஒரே வீச்சில் வங்கக் கடலுக்குள் போகிறது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது குழாயின் மறுமுனை. ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியது. பிறகு கண்ணாடி, செல்போன், டயர், லாரி, புல்லட் என்று ஆலைகள் ஒரகடம்வரை பரவின. வேலைக்கு வந்தவர்கள் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் நிறைந்தார்கள். ஆலைக் கழிவுக்குச் சட்டம் உண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உண்டு. விடுதிகளும் அறைகளும் பெரும்பாலும் செப்டிக் டேங்கையும் அதை உறிஞ்ச வரும் லாரியையுமே நம்பியிருக்கின்றன. இந்தப் பகுதி சாதாரண மண் அன்று. அடையாறு ஆதனூர், மணிமங்கலம் ஏரிப் பகுதியிலிருந்து புறப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. இங்கே வாய்க்காலில் கலக்கும் அழுக்கு, சென்னையின் குடிநீர் ஏரிக்கோ, அடையாறு முகத்துவாரத்துக்கோ மழையோடு வந்து சேரும். கோயம்பேட்டுக் கழிவை அத்தனை சிரமப்பட்டுத் தூய்மையாக்கி இங்கே கொண்டுவரும் நாம், இங்கேயே உண்டாகும் கழிவைக் கால்வாய்க்கு விட்டுவைப்பது சரியல்ல.

இங்குள்ள கழிவைச் சுத்திகரித்து ஆலைகளுக்குத் தர 60 கிலோமீட்டர் குழாய் தேவையில்லை, அவ்வளவு தூரம் நீரை உந்தும் மின்செலவும் இல்லை. நீரை வாங்கும் ஆலை, விடுதிக்குச் சில கிலோமீட்டரில் இருக்கிறது. முதலில் வேண்டியது தெருவுக்குத் தெரு பாதாள சாக்கடை, பிறகு ஏரிக்கரைகளுக்கு வெளியே சிறு நிலையங்கள். புதிதாக ஒரு தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுக்கும்போது ஆலைகளின் நீர்த் தேவையைச் சிப்காட் கணக்கிடுகிறது. அங்கே வேலைக்கு வந்து தங்கப்போகும் மனிதர்களின் கழிவுநீரையும் அதே வரைபடத்தில் குறித்துவிட்டால், ஆலைக்கு நீர் தரும் முதல் ஊற்று அதுவாகவே இருக்கலாம்.