கணக்கு முடிக்கும் நாளும் வருமான வரியும்

தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த இரும்புலியூர் போன்ற ஊர்களில் தனியொருவராகக் கடை நடத்துவோர் பலர். சித்திரைப் பிறப்பன்று மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு எழுதும் வழக்கத்தை அவர்களில் சிலர் இன்றும் போற்றி வருகின்றனர். இவ்வழக்கம் முன்னாளில் வரி விஷயத்திலும் பயன் தந்ததைப் பலர் அறியார்.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், கணக்காண்டு முடியும் நாளை வியாபாரியே தெரிந்தெடுக்க முதலில் இடமளித்திருந்தது. உதாரணமாக, 1985 மார்ச்சு 31-இல் கணக்கு முடித்தவரின் இலாபம் 1985-86 மதிப்பீட்டு ஆண்டில் வரிக்கு உட்பட்டது. ஏப்ரல் நடுவில், சித்திரைப் பிறப்பையொட்டி முடித்தவரின் இலாபமோ 1986-87-க்குச் சென்றது. இரு வார வேறுபாட்டால் ஓராண்டுத் தவணை கிடைத்தது.

ஆயினும் இது தவணையேயன்றித் தள்ளுபடி அன்று. ஒருமுறை தெரிந்தெடுத்த நாளை அதிகாரியின் இசைவின்றி மாற்றவும் இயலாது. 1989-90 மதிப்பீட்டு ஆண்டு முதல் மார்ச்சு 31 அனைவர்க்கும் பொதுவாயிற்று. அப்போது சித்திரைக் கணக்கினர், 1987 ஏப்ரல் நடுவிலிருந்து 1989 மார்ச்சு 31 வரை, ஏறக்குறைய இருபத்து மூன்று மாத வருமானத்தை ஒரே மதிப்பீட்டில் காட்ட நேர்ந்தது. சட்டம் சில தளர்வுகளை அளித்தது. எனினும் தள்ளிவைத்த கணக்கு திரும்பி வந்தே தீர்ந்தது.

2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்கமாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் மார்ச்சு 31-இல் முடியும் ஆண்டையே 'வரி ஆண்டு' என்கிறது. தை மாதத்தில் கடை திறப்பவருக்கும் முதல் வரி ஆண்டு அன்றே முடிந்துவிடும்.

ஆகவே, நாளை மாற்றி வரியைக் குறைக்க வழியில்லை. முறையாகத் திட்டமிடுவதற்கு வழியுண்டு. தொழிலுக்கு வேண்டிய இயந்திரத்தை வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால், தேய்மானத்தில் பாதியே கழிக்கலாம். எனவே பிப்ரவரியில் வாங்குவதைவிடச் செப்டம்பருக்குள் வாங்கிப் பயன்படுத்துவது நலம். விரிவான கணக்கு வைக்க இயலாத சிறு வியாபாரிகள், விற்பனை 2 கோடி ரூபாய்க்கு மேற்படாதாயின், உத்தேச வருமானத் திட்டத்தை மேற்கொள்ளலாம். இதில் ரொக்க விற்பனையில் குறைந்தது 8 சதவீதமும், வங்கி வழியே பெற்ற தொகையில் குறைந்தது 6 சதவீதமும் வருமானமாகக் கொள்ளப்படும். ஆனால் தேய்மானத்தைத் தனியே கழிக்க இயலாது.

சித்திரைப் புதுக்கணக்கைக் கைவிட வேண்டுவதில்லை. ஆயினும் மார்ச்சு 31 மாலையில் சரக்கிருப்பை எண்ணி, வாங்கிய விலையுடன் எழுதி, நாள்வழியையும் பேரேட்டையும் முடித்துவிடுதல் அவசியம். இருப்பை அதிகமாக மதித்தால் ஈட்டாத இலாபத்திற்கு வரி செலுத்த நேரும். குறைவாக மதித்தால் பின்னர் விளக்கம் கூற நேரும். அன்று ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவது இவ்விரு தொல்லைகளையும் தவிர்க்கும் என்பதை நம் வியாபாரிகள் நினைவிற் கொள்வார்களாக.