இணையதளத்தின் தவணையும் நமது பொறுப்பும்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு வாடகை வீட்டின் இயல்பை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வீட்டுக்காரருக்குச் சேர வேண்டிய பணத்தைத் தரகரிடம் கொடுத்தால், அது போய்ச் சேர்ந்ததா என்று தவறாமல் விசாரிப்போம். ஆயினும் நம் தமிழ்ச் சங்கங்களும் சிறு வணிகர்களும் இணையதளத்தைப் பொறுத்தமட்டில் இவ்வெச்சரிக்கையை மறந்துவிடுவதுண்டு.

இணையதளம் நிலைத்திருக்க இரண்டு வாடகைகள் தேவை. ஒன்று பெயருக்கு உரியது. அதனை டொமைன் என்பர். மற்றொன்று, எழுத்தும் படங்களும் தங்கியிருக்கும் இடத்திற்கு உரியது, அது ஹோஸ்டிங். இரண்டும் தனித்தனி ஒப்பந்தங்கள்; தவணை நாட்களும் வேறுபடலாம். டாட் காம் பெயரை ஒரே சமயத்தில் 10 ஆண்டுகளுக்கு மேல் பதிவு செய்ய இயலாது.

தளத்தை அமைத்துத் தந்தவரிடமே இரண்டையும் விட்டுவிடுவது பலரது வழக்கம். அவரோ தம் மின்னஞ்சல் முகவரியையே பதிவு நிறுவனத்திற்குக் கொடுத்திருக்கக்கூடும். டாட் காம் போன்ற பெயர்களுக்குத் தவணை முடிய ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கும்போதும், ஒரு வாரம் இருக்கும்போதும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகான் என்னும் உலக அமைப்பின் விதி. அந்த நினைவூட்டல் ஏட்டிலுள்ள முகவரிக்கே செல்லும். அமைத்தவர் தொழிலையே விட்டுப் போயிருந்தால், அதைப் படிப்பவர் யார்?

பணம் பெற்றும் புதுப்பிக்கத் தவறியவர் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே. ஆனால் அது நமக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. பதிவு நிறுவனம் ஏட்டில் உள்ள பெயரையே உரியவராகக் கொள்ளும். தவணை தவறி நீக்கப்பட்ட டாட் காம் பெயரை 30 நாட்களுக்குள் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்கலாம். அதன் பின்னர் எவரும் அதனைப் பதிவு செய்துகொள்ளலாம். ஹோஸ்டிங் தவணை தவறினாலோ, பல ஆண்டு விழாப் படங்களும் மலர்களும் அழிக்கப்பட்டுவிடக்கூடும்.

பெரியோருக்கும் இது நேர்ந்துள்ளது. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்கத் தவறியதால், ஹாட்மெயில் பயனர் பலர் தம் அஞ்சலைத் திறக்க இயலாது தவித்தனர். நிறுவனத்தைச் சாராத கணினி வல்லுநர் ஒருவர் 35 டாலர் செலுத்திய பின்னரே நிலைமை சீரடைந்தது.

ஆதலின் நாம் செய்ய வேண்டுவன சில. பெயரைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்தல் வேண்டும். ஆண்டுதோறும் மாறும் செயலாளரின் சொந்த முகவரியைத் தரலாகாது. அதே டொமைனில் அமைந்த முகவரியும் உதவாது. தளம் நின்றால் அந்த அஞ்சலும் நின்றுவிடும். புதுப்பிப்பவர் யார் என்பதை எழுத்தில் பெற்று, பதிவு நிறுவனத்தின் ரசீதையும் கேட்டு வாங்குவோம். தளத்தின் பிரதி ஒன்றை நம் வசம் வைத்திருப்போம்.

டொமைனின் தவணை நாளைப் பொதுப் பதிவேட்டில் எவரும் கட்டணமின்றிக் காணலாம். ஹோஸ்டிங் தவணையை அமைத்தவரிடம் கேட்டறியலாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே இவ்விரு நாட்களையும் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதி வைப்போமாக.