கம்பியா, உறையா? பதின்ம வயதினரும் பற்சீரமைப்பும்

‘பல் போனால் சொல் போச்சு’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். பல் அத்தனையும் இருந்தும் சொல் வெளிவர மறுத்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் என் தங்கை. கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் பயின்றுகொண்டிருந்த அவள், 2024ஆம் ஆண்டில் பள்ளிப் பேச்சுப் போட்டிப் பட்டியலிலிருந்து தன் பெயரைத் தானே அடித்துவிட்டு வந்தாள். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் மேடை கிடைத்தால் இறங்க மறுத்தவள் அவள். காரணம் கேட்டபோது வாயைக் கையால் மூடிக்கொண்டாள். மேல்வரிசையில் எடுப்புப் பற்கள், வலப்புறத்தில் ஒரு தெற்றுப்பல். வகுப்பில் யாரோ அவளுக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

அன்றிரவே அவள் அம்மாவிடம் கேட்டாள்: “எனக்கு அலைனர் போட்டு விடுவீங்களா?”

‘கிளியர் அலைனர்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் இதனை இக்கட்டுரையில் ‘பல்லுறை’ என்றே அழைக்கிறேன். பற்களின் மேல் கையுறைபோல் இறுக்கமாகப் பொருந்தும், கண்ணாடிபோல் ஒளிபுகும் மெல்லிய நெகிழி உறை என்பதால் இந்தப் பெயர் பொருந்தும் என்று நினைக்கிறேன். நான் பல்மருத்துவ மாணவி அல்லேன், மொழியியல் பயில்பவள். தங்கையோடு ஒன்றரை ஆண்டுகளாக மருத்துவமனைக்கு அலைந்ததில் கற்றுக்கொண்டதையே எழுதுகிறேன். வீட்டில் தம்பி தங்கையர் உள்ள பேரவை நண்பர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் ஓர் ஆபத்தைச் சொல்லிவிட வேண்டும். அம்மா பதில் சொல்வதற்குள், தங்கையின் தோழி ஒருத்தி வேறொரு வழி சொல்லியிருந்தாள். யாரோ ஒரு அக்கா தம் வீட்டு அறையிலேயே 300 வெள்ளிக்குப் பல்லில் கம்பி ஒட்டிவிடுவாராம், வண்ண வண்ண ரப்பரோடு. இது புதிய கதையன்று. 2017இல் மலாக்காவில், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு பற்கம்பி மாட்டிவந்த 20 வயதுப் பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது பலருக்கு நினைவிருக்கலாம். அப்போது பலர் அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அந்தக் கம்பியை வாயில் தாங்கியவர்களைப் பற்றிப் பேசியோர் குறைவு. பல்லை இழுப்பது சுலபம். எவ்வளவு விசையில், எந்தத் திசையில், வேர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இழுப்பதற்குத்தான் ஊடுகதிர்ப் படமும் பல ஆண்டுப் படிப்பும் வேண்டியிருக்கின்றன. பசையில் என்ன கலந்திருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

நாமெல்லாரும் தொடக்கப்பள்ளியில் கால்வாய் ஓரமாக வரிசையாகக் குந்தி, குவளைத் தண்ணீரோடு பல் துலக்கிய தலைமுறையினர். பள்ளிக்கு வந்த பல்தாதியரைக் கண்டு கழிப்பறையில் ஒளிந்தவர்களும் நம்மில் உண்டு. பினாங்கில் 1949இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து வளர்ந்த சேவை அது. சொத்தைப்பல்லுக்கு அது போதும். பல்லை வரிசைப்படுத்த வேண்டுமென்றால் பற்சீரமைப்பு நிபுணரிடம் போக வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளில் கட்டணம் மிகக் குறைவு; ஆனால் குறை கடுமையாக உள்ளவர்களுக்கே முன்னுரிமை, காத்திருப்போ நெடுங்காலம். ஆகவே ஒரு சனிக்கிழமை நாங்கள் மூவரும் கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு தனியார் சிகிச்சையகத்திற்குச் சென்றோம்.

மருத்துவர் முதலில் ஒரு படம் வரைந்தார். பல் எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய தசைநார் ஒன்று இருக்கிறது. பல்லை ஒரு பக்கம் மெதுவாகத் தொடர்ந்து அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல் நகர்வது இப்படித்தான். கம்பியானாலும் உறையானாலும் உள்ளே நடப்பது ஒன்றே. ‘தொடர்ந்து’ என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னார். அன்று நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உறைகளைக் கொண்டு படிப்படியாகப் பல்லை நகர்த்தலாம் என்ற எண்ணம் பழையது. ஹரோல்ட் கெஸ்லிங் என்ற அமெரிக்கப் பல்மருத்துவர் 1945இலேயே ரப்பரால் ஆன ஒரு கருவியைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு படிக்கும் கையால் அச்சு மாற்றிச் செய்ய வேண்டியிருந்ததால் அது பரவவில்லை. 1997இல் சியா சிஷ்டி, கெல்சி வெர்த் என்ற இரு ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் நிறுவனத்தைத் தொடங்கினர். இருவருமே பல்மருத்துவம் படித்தவர்கள் அல்லர். கம்பி கழற்றிய பிறகு அணிய வேண்டிய உறையைச் சில நாள் அணியாமல் விட்டுத் திரும்ப மாட்டியபோது, நகர்ந்த பல் மீண்டும் இடத்துக்கு வந்ததைச் சிஷ்டி கவனித்தாராம். அப்படிப் பிறந்ததுதான் ‘இன்விசலைன்’. பதின்ம வயதினருக்கான வகை 2008இல் வந்தது. அதில் ஒரு நீலப் புள்ளி இருந்தது. வாயில் இருக்க இருக்க அது மங்கும். பிள்ளை உறையை அணிந்ததா, மேசையிலேயே வைத்திருந்ததா என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும்! முக்கியமான காப்புரிமைகள் 2017இலிருந்து காலாவதியாகத் தொடங்கியதும் வேறு பல நிறுவனங்களும் இந்தத் துறையில் இறங்கின.

செய்முறை இதுதான். சிறு ஒளிக்கருவியால் வாய்க்குள் படமெடுத்துப் பற்களின் முப்பரிமாண உருவைக் கணினியில் ஏற்றுகிறார்கள். இன்றைய நிலையிலிருந்து இறுதி நிலைவரை உள்ள தூரத்தைப் பல படிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் ஓர் அச்சு, ஒவ்வோர் அச்சின் மேலும் சூடாக்கிப் படியவைத்த ஒரு நெகிழித் தகடு. ஓர் உறை ஒரு பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும். ஒன்று அல்லது இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அடுத்த உறைக்கு மாற வேண்டும். பிடிமானத்துக்காகச் சில பற்களின் மேல் பல்நிறத்திலேயே சிறு புடைப்புகளையும் ஒட்டுவார்கள். ‘கண்ணுக்கே தெரியாது’ என்ற விளம்பரத்தை அந்தப் புடைப்புகள் கொஞ்சம் பொய்யாக்கும்.

தங்கைக்கு 26 சோடி உறைகள், ஓராண்டு என்று கணக்கிட்டார் மருத்துவர். பல் பிடுங்கி இடம் உண்டாக்க வேண்டிய நிலை, மிகவும் திருகியிருக்கும் பல், வேரோடு நெடுந்தூரம் நகர்த்த வேண்டிய பல் போன்றவற்றுக்குக் கம்பியே நம்பகமானது என்றும் சொன்னார். தங்கையினுடையது நடுத்தரம், இரண்டிலும் செய்யலாம். கம்பிக்கு 6,500 ரிங்கிட், உறைக்கு 14,000.

“என் பல்லுக்கு நான் பத்து வெள்ளி செலவு பண்ணதில்ல” என்றார் அப்பா. கிள்ளான் துறைமுகத்தில் கிடங்கு வேலை பார்ப்பவர் அவர். அம்மாவோ, “பொம்பளப் புள்ள, நாளைக்கு ஒரு நல்லது நடக்கணும்ல” என்றார். பல்லுக்கும் கல்யாணத்துக்கும் முடிச்சுப் போடும் இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தப் பேச்சுதான் அப்பாவை அசைத்தது. 2024 மே மாதம் ஊழியர் சேமநிதி வாரியம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கைத் தொடங்கியிருந்தது. அதிலிருந்து எடுத்து முன்பணம் கட்டினார். முதுமைக்கென்று இருந்த பணம். இதைத் தங்கையிடம் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்லிவிட்டேன்.

ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் உறை வாயில் இருக்க வேண்டும். கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. உண்ணவும் தண்ணீரைத் தவிர எதைப் பருகவும் கழற்ற வேண்டும்; பல் துலக்கிவிட்டுத்தான் மீண்டும் மாட்ட வேண்டும். நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலைச் சிற்றுண்டி 20 நிமிடம், பள்ளி ஓய்வு 30, மதிய உணவு 30, மாலை தே தாரிக் 30, இரவு உணவு 40. அங்கேயே இரண்டரை மணி நேரம் போய்விட்டது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்குத் தட்டு காலையிலிருந்து இரவுவரை நகராமல் மேசையில் இருக்கும். அந்த வாரம் அவள் உறையணிந்த நேரத்தைக் கணக்கிட நான் முயலவில்லை. ஒருநாள் சிற்றுண்டிச்சாலையில் உறையைத் திசுத்தாளில் சுற்றி வைத்தாள். தட்டோடு சேர்ந்து அதுவும் குப்பைத்தொட்டிக்குப் போனது. தனிப் பெட்டியில் வைக்கச் சொல்வது இதற்குத்தான்.

இன்னொரு சிக்கலை ஒரு மொழியியல் மாணவியாக நான் ஆர்வத்தோடு கவனித்தேன். தொல்காப்பியம் பிறப்பியலில் ஒலி பிறப்பதற்குச் சொல்லும் எட்டு இடங்களில் பல்லும் ஒன்று. பல்லின் மேல் ஓர் உறை ஏறியதும் தங்கையின் ‘ஸ’ சீழ்க்கையடித்தது. தகர நகரங்கள் சற்றுத் தடித்தன. ஆனால் பலரையும் தடுமாற வைக்கும் ழகரம் மட்டும் பழுதின்றி வந்தது. அதற்கு நாக்கு பல்லைத் தேட வேண்டியதில்லை, அண்ணத்தை நோக்கி வளைந்தால் போதும். இந்தக் குழறல் பெரும்பாலோருக்குச் சில நாள்களில் சரியாகிவிடும். தங்கைக்குச் சரியாகவில்லை. பேசும்போதெல்லாம் அவள் கழற்றிவிட்டதால் நாக்கு பழகவே இல்லை.

ஏழாம் மாதத்தில் உண்மை வெளிப்பட்டது. பதினைந்தாம் உறைக்கும் தெற்றுப்பல்லுக்கும் நடுவே ஒரு கீற்று இடைவெளி. உறை போய்விட்டது, பல் பின்தங்கிவிட்டது. மருத்துவர் திட்டவில்லை. “ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்மா?” என்று மட்டும் கேட்டார். “பதினாலு… பதினஞ்சு” என்றாள். மீண்டும் படமெடுத்து, திருத்தத்துக்கென்று 20 சோடி புதிய உறைகள் செய்தார்கள். நல்ல வேளையாக எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் அடங்கியிருந்தது. எல்லா இடத்திலும் அப்படி இருக்காது; பணம் கட்டுமுன் கேளுங்கள்.

அன்று மருத்துவர் தங்கைக்கு ஒரு வாய்ப்பும் கொடுத்தார்: வேண்டுமென்றால் இப்போதே கம்பிக்கு மாறலாம், அதில் தோல்வி எதுவுமில்லை. கம்பியை நீ மறக்க முடியாது, உறையை மறக்கலாம், வித்தியாசம் அவ்வளவுதான் என்றார். எங்கள் வீட்டில் அதுவரை விலையைப் பேசினோம், அழகைப் பேசினோம், கல்யாணத்தைப் பேசினோம். ‘தினமும் இதை உன்னால் செய்ய முடியுமா?’ என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு உறையே போதும் என்றாள். கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டாள். மாலைத் தேநீரை நிறுத்தினாள். உறையோடே சத்தமாகச் செய்தித்தாள் வாசித்தாள். மூன்று வாரத்தில் சீழ்க்கை அடங்கியது. ஐந்தாம் படிவத்தில் பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டாள், உறையோடு. பரிசு கிடைக்கவில்லை. நேரம் கடந்து பேசியதற்காகப் புள்ளிகள் குறைந்தன.

மருத்துவரையே பார்க்காமல், அஞ்சலில் அச்செடுத்து அனுப்பி உறை வாங்கும் முறையும் உலகில் பரவியது. அதில் பெரிய நிறுவனமான அமெரிக்காவின் ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் ஒரே நாளில் கதவடைத்தது. பாதி வழியில் இருந்தவர்கள் பாதி வழியிலேயே நின்றார்கள். நம் நாட்டில் 2018ஆம் ஆண்டுப் பல்மருத்துவச் சட்டம் 2022 சனவரியில் நடப்புக்கு வந்தது. மலேசியப் பல்மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் நிபுணர்களுக்கெனத் தனிப்பிரிவே இருக்கிறது. பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

தங்கை இப்போது இரவில் மட்டும் அணியும் தக்கவைப்பு உறைக்கு வந்துவிட்டாள். நகர்ந்த பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும் என்பதால் கம்பி போட்டவர்களுக்கும் இது உண்டு. இதை எத்தனை வருடம் அணிய வேண்டும் என்று கேட்டோம். பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும் வரை என்றார் மருத்துவர். அப்பா என் காதருகே குனிந்து, “அப்ப இது ஒடைஞ்சா திரும்பக் காசு கட்டணுமா?” என்று கேட்டார். கட்டத்தான் வேண்டும்.